பலகைக்கு அடங்காத கப்பல்

பெரியசாமி பட்ட கடன் அறுபத்து மூணு ரூபாய் ஏழணா. முப்பத்தெட்டாம் வருஷத்தில், விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற ஒருத்தனுக்கு அதை விடக் கனமான மூட்டை கிடையாது. மற்ற மூட்டையை எங்கேயாவது இறக்கி வைக்கலாம். இதை இறக்க இடமில்லை.

இப்போது அந்தக் கடனே அவனைத் திருடனாக்கி லாக்கப்பில் உட்கார வைத்திருந்தது.

"நான் தவணை கேக்கத்தான் போனேன் மச்சான்," என்றான் பெரியசாமி கம்பிக்குள்ளிருந்து. "மண்டி பின்வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். உள்ள யாரும் இல்ல. திரும்பிட்டேன். அவ்ளோதான்."

கம்பிக்கு வெளியே நின்ற விருத்தாசலம் தலையாட்டினான். அவனும் பெரியசாமியும் ஒரே மூட்டைக்கு ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தவர்கள். விருத்தாசலத்தின் முழங்கால் தேய்ந்து போனபோது அவன் துப்பறியும் மாசிலாமணியிடம் வந்து சேர்ந்தான். மாசிலாமணி, ரயில்வேயில் காணாமல் போன பார்சல்களைத் தேடிப் பிடிக்கிற உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். இப்போது காணாமல் போகிற எதையும் தேடுவார். விருத்தாசலம் கூட நடப்பான், பேசுவான். நடைக்குக் கூலி உண்டு, பேச்சுக்குக் கிடையாது.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். தெருக்கோடியில் அம்மன் புறப்பாடு என்று நிலக்கடலை மூட்டை வந்து இறங்குகிற மல்லாட்டை மண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் முதலாளி சீனுவாசனின் இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. கண்டாச்சிபுரம் பக்கத்துக் குடியானவர்கள் அடகு வைத்த நகை மொத்தமும் போச்சு. கொல்லையில் கடன் நோட்டுகள் ஒரு கட்டு சாம்பலாகிக் கிடந்தது.

"நோட்டை எரிச்சவன் கடன்காரன். பின்வாசல்ல நின்னவன் பெரியசாமி. வேற இன்னா வேணும்?" என்றார் ஏட்டு. "சாயங்கால வண்டியில கடலூருக்குக் கொண்டு போறேன். அதுக்குள்ள ஏதாவது இருந்தா சொல்லுங்க."

கடலூர் ஜெயிலுக்குப் போனவன் எப்போது திரும்புவான் என்று விருத்தாசலத்துக்குத் தெரியும். கேப்பைக் களிக்கே தாளம் போடுகிற வீட்டில் வக்கீல் யார் வைப்பது?

"நடங்க சார்," என்றான் மாசிலாமணியிடம். "ஜல்தி."

நகையைக் கண்டுபிடித்தால் அறுபது ரூபாய் தருவதாக மாசிலாமணியிடம் பேசியிருந்தார் சீனுவாசன். அவர் வீட்டுக்குப் போனால் அவர் இல்லை. அவர் சம்சாரம் லட்சுமியம்மாள் கட்டிலில் இருந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கால் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. மடிக்குக் குறுக்கே ஒரு பலகை.

"வாங்க சார். அந்தப் பொட்டி மேல உக்காந்துடாதீங்க, கப்பல் இருக்குது."

விருத்தாசலம் எட்டிப் பார்த்தான். பாய் விரித்த கப்பல் படம் போட்ட அட்டைப்பெட்டி. உள்ளே ஓரணாக் காசு அளவில் கலர் கலராக மரத்துண்டுகள்.

"இது இன்னாம்மா, ஆசாரி கூட்டித் தள்ளுனதா?"

"துண்டுப்படம்டா. படத்தைப் பலகையில ஒட்டி, நெளிநெளியா அறுத்துப் போட்டிருப்பான். நாம பழையபடி சேக்கணும்."

"நல்லாருந்த படத்தை அறுத்துட்டு அப்பறம் ஒக்காந்து சேக்கறதா? எங்க ஊட்டுச் சண்டை மாதிரி இருக்குதே."

லட்சுமியம்மாள் சிரித்தாள். உடனே காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "சிரிக்க வெக்காதடா பாவி. சாவி விசாரிக்க வந்தீங்களா சார்? சாமி படத்துக்குப் பின்னால இருக்கறது மூட்டை எறக்கற எல்லாருக்குந்தான் தெரியும். எங்கிட்டக் கேட்டா எம்பேஜாரு இந்தக் கப்பல்தான்னு சொல்லுவேன்."

"சொல்லுங்கம்மா," என்றார் மாசிலாமணி.

"திண்டிவனத்துல மிஷன் பங்களா துரைசானி ஊருக்குப் போவுது, சாமான் ஏலம்னாங்க. எந்தம்பி நடராசன் வெள்ளிக்கிழமை காலையில போனான். எம்பலகை ஒரு முழம் நீளம், ஒன்றரை ஜாண் அகலம், இதுக்கு அடங்கறதா பாத்து வாங்கியாடான்னு சொல்லி அனுப்பிச்சேன். இதைக் கொண்டாந்தான். ஓரத்துத் துண்டைத்தான் மொதல்ல பொறுக்கி அடுக்கணும். கீழ் ஓரம் அடுக்கிக்கினே போறேன். பலகை முடிஞ்சி போச்சு, கப்பல் முடியல!"

"தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா சத்தியம் பண்றான். ஏலச்சாமானாச்சே, துண்டு கொறைஞ்சிருந்தா நான் திட்டுவேன்னு, காபி கிளப் மாடியில ரூம் போட்டு மத்தியானம் பூரா அடுக்கிப் பாத்தானாம். 'முழுசா அடுக்கினேன்க்கா, நானூறும் சரியா இருக்குது, ஒரு முழம் கூட வராது'ன்னு கையால அளந்து காட்டறான். இதுல இது வேற!"

அவள் உள்ளங்கையில் ஒரு துண்டு. மற்றதெல்லாம் ஓரணாக் காசு என்றால் இது முழு பிஸ்கோத்து. அதன் மேலும் அதே கப்பலின் சிவப்புக் கொடி, பாயின் ஒரு மூலை.

"இது எங்கயும் சேரமாட்டேங்குது. இந்த நானூறுக்கும் இதுக்கும் ஒறவே இல்ல."

மாசிலாமணி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துண்டைப் பேசாமல் அவள் கையிலேயே வைத்து விரலை மூடினார்.

நடராசன் உள்ளே வந்தான். மல் வேட்டி, வகிடெடுத்த தலை, வாய் நிறைய வெற்றிலை.

"வாங்க சார்! திருட்டு நடந்தன்னிக்கி நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேனே. திண்டிவனத்துல ஒக்காந்து கப்பல் கட்டிக்கினு இருந்தேன். விரலைப் பாருங்க, வீங்கிப் போச்சி."

"நானூறு துண்டாச்சே," என்றார் மாசிலாமணி. "ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கலையா?"

"காபிதான். கிளப்பு ஆளு மண்ணாங்கட்டி கொண்டாந்தான். படம் முடிஞ்சிருந்ததை அவனே பாத்தான். கேட்டுப் பாருங்களேன்." சிரித்தான். கேட்பதற்கு முன்னாலேயே சாட்சி சொன்ன சிரிப்பு அது.

தெருவுக்கு வந்ததும் விருத்தாசலம் பொறுக்க முடியாமல் கேட்டான். "பெரியசாமி அங்க கம்பி எண்ணிக்கினு இருக்கான். நாம இங்க கப்பல் வேடிக்கை பாக்கறோம். எதுக்கு சார்?"

"பெட்டி ஓரத்துல போட்டிருந்ததைப் படிச்சேன். அடுக்கி முடிச்சா ரெண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அவன் ஒரு முழம் கூட வராதுங்கறான். ஏம்பா, நீ தூக்கின மூட்டை கனமா லேசான்னு உனக்கு மறந்து போகுமா?"

"செத்தாலும் தோளு சொல்லும் சார்."

"மத்தியானம் பூரா அடுக்கினவன் கைக்கு மட்டும் அளவு மறந்து போச்சே."

விருத்தாசலத்தின் நடை தானாக வேகமானது.

திண்டிவனம் டிக்கெட்டுக்கு மாசிலாமணி பையைத் துழாவியபோது விருத்தாசலம் மடியைத் தொட்டான். அதில் மூணு ரூபாய் ரெண்டணா முடிந்திருந்தது. செருப்புக்கென்று மாதக்கணக்கில் சேர்த்தது.

"அதுல கை வெக்காதே," என்றார் அவர். "உன் பாதத்தைப் பாத்தா எனக்கே வலிக்குது."

மிஷன் பங்களாவில் மேசை நாற்காலி எல்லாம் ஏலம் போய், வெறும் கூடம் எதிரொலித்தது. ஆயா சவுரியம்மாள் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கப்பல் படமா? விழுப்புரத்துக்காரர் ஒருத்தரு எடுத்துக்கினு போனாரு. ரெண்டும் சேத்து ஒரே ஏலம்."

மாசிலாமணி குரலை உயர்த்தவில்லை. "ரெண்டா?"

"ஆமாங்க. ஒரே கப்பல், ரெண்டு அளவு. துரைசானிக்கு நானூறு துண்டு. கொழந்தைங்களுக்கு இருபது துண்டு. சின்னக் கைக்குப் பெரிய துண்டுதான் குடுக்கணும்னு சொல்லும். பெருசை அடுக்கணும்னா சாப்பாட்டு மேசையையே காலி பண்ணிக் குடுப்பேன். சின்னதைக் கொழந்தைங்க என் மொறத்துலயே அடுக்கிப்புடும். பொட்டி மேல படம் ஒண்ணுதான். துண்டு எத்தனை, அளவு எவ்ளோன்னு ஓரத்துல பாத்துத்தான் எடுக்கணும்."

"அவர் பாத்தாரா?"

"எங்க பாத்தாரு? படத்தைப் பாத்தாரு, துண்டு எத்தனைன்னு கேட்டாரு, அக்காவுக்குன்னாரு, ரெண்டையும் இடுக்கிக்கினு போய்ட்டாரு. கொழந்தைது எதுக்குங்க, அக்காவுக்குப் பெருசு போதாதான்னு கேட்டேன். திரும்பிக் கூடப் பாக்கல."

வெளியே வெயிலில் விருத்தாசலம் நின்றுவிட்டான். "சார், இருபது துண்டை அடுக்க எம்மாம் நேரம் ஆவும்?"

"உனக்கு ஒரு பீடி நேரம்."

"எனக்குன்னு ஏன் சார் தனியா சொல்றீங்க?"

"அவனுக்கும் அவ்வளவுதான். அக்காகிட்ட கையால அளந்து காட்டினது இந்தச் சின்னதைத்தான். மத்தியான வண்டியில விழுப்புரம். அம்மன் புறப்பாட்டு நேரத்துல பெட்டி. அடுத்த வண்டியில இங்க. மண்ணாங்கட்டி காபி கொண்டாரதுக்குள்ள கப்பல் ரெடி. தூரத்துல நின்னு பாக்கறவன் படத்தைப் பாப்பான். துண்டை எவன் எண்ணுவான்?"

காபி கிளப் மாடி அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மேசை. மண்ணாங்கட்டி தோள் துண்டால் மேசையைத் துடைத்தான்.

"பாத்தேங்க. கப்பல் முழுசா இருந்திச்சி. 'பாத்தியா, முடிச்சிட்டேன், மத்தியானத்துலேர்ந்து ஒக்காந்திருக்கேன்'னாரு. நாலணா குடுத்தாரு. மவராசன்."

"மத்தியானத்துலேர்ந்து அவர் இங்க இருந்ததை நீ பாத்தியா?"

"கதவு சாத்தியிருந்திச்சி. அவரு சொன்னாரு."

"காபியை எங்க வெச்ச?"

"மேசை மேலதாங்க. படத்துக்குப் பக்கத்துல."

"கட்டில் மேல வெக்கல? தரையில வெக்கல?"

மண்ணாங்கட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுசன் குடிக்கற காபிய எவனாவது தரையில வெப்பானா? டபரா டம்ளரு ரெண்டையும் இங்கதான் வெச்சேன். பக்கத்துல அவரு வெத்தலைப் பொட்டி கூட இருந்திச்சி."

மாசிலாமணி விருத்தாசலத்தின் தோளிலிருந்த துண்டை உருவினார். பையிலிருந்த மடக்கு அளவுகோலை வைத்து, ரெண்டு அடி நீளம் ஒன்றரை அடி அகலத்துக்கு மடித்து மேசை மேல் விரித்தார். நாலு பக்கமும் ஒரு விரல்கடை மரம்தான் மிச்சம் தெரிந்தது.

"இதான் பெரிய கப்பல். இப்ப உன் டபராவை வை."

மண்ணாங்கட்டி டபராவை இந்தப் பக்கம் கொண்டு போனான். அந்தப் பக்கம் கொண்டு போனான். கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அன்னிக்கி எடம் இருந்திச்சே," என்றான் மெதுவாக. பிறகு, "மறுநா காலையில வெந்நீர் அடுப்புல யாரோ பளபளன்னு அட்டையும் பலகையும் போட்டு எரிச்சிருந்தாங்க. கலர் கலரா பொகைஞ்சிது."

"எரிச்சிட்டான்," என்றான் விருத்தாசலம். "கடன்காரன் மேல பழி விழட்டும்னு நோட்டை எரிச்ச மாதிரியே."

"பத்தொம்பதை எரிச்சான். படத்தைக் கலைச்சப்ப ஒண்ணு தவறி பக்கத்துல இருந்த பெரிய பெட்டிக்குள்ள விழுந்ததைப் பாக்கல. அது லட்சுமியம்மா கையில இருக்கு." மாசிலாமணி துண்டை உதறித் திருப்பிக் கொடுத்தார். "அது போச்சுன்னா நம்மகிட்ட இருக்கறது ஒரு டபராவும் ஒரு ஆயா பேச்சும்தான். ஏட்டு சிரிப்பாரு."

திரும்புகிற வண்டி மயிலத்தில் கிராசிங்குக்கு நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. விருத்தாசலம் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தான். உட்கார்ந்தான். மறுபடி பார்த்தான்.

"எறங்கித் தள்ளட்டா சார்? கூட்ஸ் வேகனே தள்ளியிருக்கேன்."

"உக்காரு."

"அந்த வெத்தலை வாயன் காலையில நாம கப்பலைப் பத்திப் பேசினதைப் பாத்தான் சார். இந்நேரம் அக்காகிட்ட அந்தத் துண்டைக் கேட்டு வாங்கியிருப்பான்."

மாசிலாமணியும் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தார். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல.

விழுப்புரம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சீனுவாசன் வீட்டு வாசலில் ஏட்டு நின்றார். புகாரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்படியே ரயில்வே ஸ்டேஷன் போக வேண்டியது. பக்கத்தில் பெரியசாமி, கையில் விலங்கோடு, விருத்தாசலத்தை நிமிர்ந்து பார்க்காமல்.

"ஒரு நிமிஷம் உள்ள வாங்க, ஏட்டையா," என்றார் மாசிலாமணி.

கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். சீனுவாசன் கணக்குப் பார்க்கிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நடராசன் தூணில் சாய்ந்தான். மாசிலாமணி ஆயா சொன்னதையும் மண்ணாங்கட்டி சொன்னதையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னார். நடராசனின் வெற்றிலை வாய் மெல்லுவதை நிறுத்தியது, அவ்வளவுதான்.

"ரெண்டு பொட்டி வாங்கினேன், இல்லங்கல. சின்னதை வழியில ஒரு கொழந்தைக்குக் குடுத்துட்டேன். காபிக்காரன் தூக்கக் கலக்கத்துல எங்க வெச்சானோ. இதுக்காவ என்னைத் திருடன்னுவீங்களா?"

"வழியில குடுத்துட்டா ரூம்ல அதை அடுக்கியிருக்க முடியாது. ஆனா அதோட துண்டு ஒண்ணு பெரிய பெட்டிக்குள்ள இருந்துச்சு. ரெண்டு பெட்டியும் ஒரே ரூம்ல திறந்து கிடந்தாத்தான் அப்படி நடக்கும்."

"எங்க அந்தத் துண்டு? பாருங்களேன்!"

ஏட்டு பெட்டியைக் கவிழ்த்தார். நானூறும் தரையில் சிதறின. எல்லாம் ஓரணாக் காசு. பிஸ்கோத்து இல்லை. விருத்தாசலம் முழங்கால் வலியை மறந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் துழாவினான். இல்லை.

"அம்மா," என்றார் மாசிலாமணி. "காலையில உங்க கையில இருந்துச்சே."

லட்சுமியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவே சொல்லட்டும்," என்றான் நடராசன். "அப்டி ஒண்ணு இருந்திச்சாக்கா?"

வெளியே தூரத்தில் வண்டி ஊதியது. ஏட்டு பெரியசாமியின் தோளைத் தொட்டார். "நேரமாச்சு, நட."

பெரியசாமி திரும்பினான். விருத்தாசலம் எழுந்திருக்காமல் தரையை இன்னொரு தரம் துழாவினான்.

"இருங்க ஏட்டையா." லட்சுமியம்மாளின் குரல் கரகரத்தது. அவள் புடவையை ஒதுக்கி, மாவுக்கட்டுக்கும் தொடைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டாள். வலியில் பல்லைக் கடித்தாள். சிவப்புக் கொடித் துண்டை எடுத்துப் பலகை மேல் வைத்தாள்.

"நீங்க போனதிலேர்ந்து மூணு வாட்டி கேட்டான் சார். 'அந்த ஒதவாத துண்டைக் குடுக்கா, தூக்கிப் போட்டுடறேன்'னு. மொத வாட்டி குப்பையில போட்டுட்டேன்னு வெளையாட்டுக்குச் சொன்னேன். குப்பையைக் கிளறினான். ஒதவாத துண்டுக்கு எதுக்குடா இம்மாம் பதைப்புன்னு அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்திச்சி." அவள் தம்பியைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது, விழவில்லை. "அந்தச் சின்னக் கப்பலையே எங்கிட்டக் குடுத்திருந்தா எம்பலகைக்கு அடங்கியிருக்குமேடா, நடராசு."

நடராசன் வாசலுக்குப் பாய்ந்தான். விருத்தாசலத்தால் ஓட முடியாது. ஓடவும் இல்லை. நிலைப்படியில் தோளைக் கொடுத்து நின்றான். மூட்டை வந்து மோதுவது அந்தத் தோளுக்குப் புதுசா?

"எறக்கிட்டேன் சார்," என்றான், தரையில் கிடந்தவனைப் பார்த்து.

நடராசன் மடியிலிருந்து திண்டிவனம் சேட்டுக் கடை அடகுச் சீட்டு விழுந்தது. மொத்த நகைக்கும். சென்னையில் சீட்டாட்டத்தில் தோற்ற பணத்தைக் கட்டத்தான் என்று தரையில் கிடந்தபடியே அழுதான். ஏட்டு விலங்கைப் பெரியசாமி கையிலிருந்து கழற்றி நடராசன் கைக்கு மாட்டினார். சாயங்கால வண்டிக்கு ஆள் குறையவில்லை.

அவர்கள் போன பிறகு பெரியசாமி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு கும்பிட்டான்.

"நான் வரேங்க."

"இருடா," என்றார் சீனுவாசன். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "நோட்டு எரிஞ்சா கடன் எரிஞ்சிடுமா? அறுபத்து மூணு ரூபா ஏழணா. புது நோட்டு போடறேன், கைநாட்டு வெச்சிட்டுப் போ."

பெரியசாமி கட்டைவிரலைப் பார்த்தான்.

"முதலாளி," என்றார் மாசிலாமணி. "எனக்குப் பேசின அறுபது?"

சீனுவாசன் முனகிக்கொண்டே எண்ணி வைத்தார். மாசிலாமணி அதைத் தொடவில்லை. ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளினார்.

"பெரியசாமி கணக்குல வரவு வெச்சிக்குங்க."

விருத்தாசலம் தன் முதலாளியை வெறித்துப் பார்த்தான். அதில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றி அவன் ரயிலில் போகும்போதும் வரும்போதும் கனவு கண்டிருந்தான். "நல்லாருக்கு சார் உங்க நாயம்," என்றான். "என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா?"

விருத்தாசலம் தலையைச் சொறிந்தான்.

"இன்னும் மூணு ரூபா ஏழணா நிக்குது," என்றார் சீனுவாசன்.

விருத்தாசலம் மடியை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தான். மூணு ரூபாய் ரெண்டணாவைப் பலகை மேல், அந்தச் சிவப்புக் கொடித் துண்டுக்குப் பக்கத்தில் கொட்டினான்.

"மச்சான், வாணாம்டா," என்றான் பெரியசாமி.

"சும்மா இருடா. இவ்ளோ நாளா வெறுங்கால்ல நடந்தவன் இன்னும் நாலு மாசம் நடந்தா தேஞ்சா போவேன்? உள்ளங்காலு ஏற்கனவே தோலுதான்."

சீனுவாசன் எண்ணினார். மறுபடி எண்ணினார். "அஞ்சணா கொறையுது."

லட்சுமியம்மாள் பலகையைக் கையால் தள்ளி, மாவுக்கட்டுக் காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கப் போனாள். "அந்த அஞ்சணாவைத் தள்ளுறீங்களா? இல்ல, நான் எழுந்து வரட்டா?"

சீனுவாசன் அந்தக் காலைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவள் இழந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, சரி. தள்ளிட்டேன்," என்றார்.